ஹம்பரில்லாச் சிவப்பு: அப்பாவின் சால்வைக்குச் சாயம் ஏற்றிய கதை

அப்பாவின் பட்டுச் சால்வை ஏழு வருடமாகத் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. அவர் இலங்கையில் பதுளைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கும் வாத்தியார். மாசி மாதம் காமன் ஊன்றிய நாளிலிருந்து மன்மதனை எரிக்கும் இரவு வரை அந்தச் சால்வை அவர் இடுப்பை விட்டு இறங்காது. வெளிர் சந்தன நிறத்தில் இருந்தது. மஞ்சள் தண்ணீர், சந்தனம், பந்தத்து எண்ணெய், வியர்வை எல்லாம் படிந்து கடைசியில் திட்டுத் திட்டாக நின்றது. அப்பா போன பிறகு பாட்டுக்கு நிற்பது தம்பி. போன வருடம் கூத்து முடிந்ததும் சால்வையை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தான்.

"பதுளைக்குக் கொண்டுபோய்க் கடைச் சாயம் போட்டுரலாமாக்கா?"

அம்மா பதில் சொல்லாமல் சால்வையை மறுபடியும் மடித்தார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. என் மனதிலோ வேறொரு எண்ணம் இருந்தது. எங்கள் பணிய லயத்துக்கு, அதாவது தாழ்வில் இருக்கும் தொழிலாளர் வீட்டு வரிசைக்குக் கீழே, ஓடையோரக் காட்டில் நிற்கும் ஒரு செடியின் காயைத் தொட்டால் கை குங்குமமாகிவிடும். அந்தச் சிவப்பைப் பட்டில் ஏற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். ஒரு பங்குனியில் தொடங்கி அடுத்த தையில் முடிந்த வேலை இது. செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக அளவுகளையும் நான் விட்ட பிழைகளையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

செடியை எனக்கு முதலில் காட்டியது கீழ்க் கிராமத்துச் சீயா. சிங்களத்தில் தாத்தாவை அப்படித்தான் அழைப்பார்கள். நாங்களும் அவரைச் சிறு வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறோம். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் ஒருநாள், "புள்ளே, கையைக் காட்டு" என்று சொல்லி, ஒரு கொத்துக் காயை என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துவிட்டார். செங்கல் நிறத்தில் மெல்லிய தூள் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் கழுவினேன், போகவில்லை. சவர்க்காரம் போட்டதும் நுரை செம்மஞ்சளாக மாறி ஓடியது. "ஹம்பரில்லா" என்றார் சீயா. பிறகுதான் தெரிந்துகொண்டேன், தமிழ் மருத்துவத்தில் கபிலப் பொடி என்று சொல்வது இந்தக் காயின் மேல் இருக்கும் தூளைத்தான். இந்தியாவில் கமலா என்ற பெயரும் உண்டு. அன்று சவர்க்கார நுரையில் நான் பார்த்ததுதான் இந்த வேலையின் முழு விஷயமும் என்பது எனக்குப் புரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

செடி நிற்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இடம் தெரியாமல் இதைத் தேடினால் கிடைக்காது.

பசறையிலிருந்து லுணுகலைப் பக்கம் போகும் பாதை பிபிலையை நோக்கி இறங்க இறங்க, மலைநாட்டின் குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகும். நமுனுகுல மலை 2,036 மீட்டர் உயரம். அதன் உச்சிப் பக்கத்தில் இந்தச் செடியைத் தேடிப் பயனில்லை, நுவரெலியாவிலும் அப்படித்தான். அங்கே குளிர் அதிகம். எங்கள் தோட்டத்தின் கீழ்மலைகள் ஏறக்குறைய 900 மீட்டரில் இருக்கின்றன. வடகீழ்ப் பருவ மழை ஐப்பசியிலிருந்து தை வரை நன்றாகக் கொட்டும். ஆனியிலிருந்து ஆவணி முடியும்வரை காற்றும் வறட்சியும். நனைந்த காடும் இல்லாமல், வறண்ட காடும் இல்லாமல் இரண்டுக்கும் நடுப்பட்ட இந்தப் பகுதிதான் ஹம்பரில்லாவுக்குப் பிடிக்கும்.

அதிலும் அது நடுக்காட்டுச் செடி கிடையாது. மேலே தேயிலை, கீழே வயல், நடுவே ஓடை இறங்கும் பள்ளத்தில் ஒரு சின்னக் காட்டுப் பட்டி. அந்தப் பட்டியின் விளிம்பில்தான் நிற்கும். ஒருபக்கம் உண்ணிச்செடி, மறுபக்கம் மானாப் புல், கொஞ்சம் தள்ளி நெல்லி. இன்னும் கீழே, பிபிலைப் பக்கத்துப் புல்வெளிக் காடுகளில் கடுக்காய், தான்றி, வேங்கை மரங்களும் உண்டு. வெளிச்சமும் வேண்டும், வேருக்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும் என்று கேட்கும் செடி. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் தழைக்கும். அதனால்தான் எங்கள் பக்கம் பெரும்பாலும் புதராகவே தெரிகிறது. விட்டுவைத்த இடத்தில் சிறு மரமாகி, தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரம் போய்விடும்.

அடையாளம் சொல்கிறேன். இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் சாம்பல் பூத்தாற்போல வெளிறியிருக்கும். காம்பிலிருந்து மூன்று நரம்புகள் கிளம்பும். காம்பு சேரும் இடத்துக்கு அருகில் இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கும், அவற்றைச் சுற்றி எறும்பு நிற்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் தூவியது போலத் தெரியும். காயில் நமக்கு வேண்டிய தூளின் சிறு தொடக்கம்தான் அது. பக்கத்திலேயே கெண்ட மரமும் நிற்கும். அதுவும் இதே குடும்பம்தான். குரக்கன் (கேழ்வரகு) மாவில் ஹலப்ப என்ற பலகாரம் செய்யும்போது சுற்றுவது அந்தக் கெண்ட இலையைத்தான். அதில் காம்பு இலையின் விளிம்பில் சேராமல், குடைக்குப் பிடி வைத்தது போல நடுவயிற்றில் சேரும். அந்த ஒரு வித்தியாசம் போதும், இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

குடும்பம் என்றால் ஆமணக்கின் குடும்பம். ரப்பரும் மரவள்ளியும் இதில்தான் சேர்த்தி. உடைத்தால் பால் வரும் என்று நினைத்து நான் கிளையை ஒடித்தேன், ஹம்பரில்லாவில் வரவில்லை. உறவைக் காட்டிக் கொடுப்பது காய்தான். ஆமணக்குக் காயும் மூன்று அறை, ரப்பர் காயும் மூன்று அறை, இதுவும் மூன்று அறை. சுண்டைக்காயிலும் சிறியது, மேலே செந்தூள் அப்பியிருக்கும். நெல்லியையும் ஒரு காலத்தில் இதே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள், இப்போது தாவரவியலார் தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

இன்னொரு முக்கியமான சங்கதி. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும் காலத்தில் எல்லாமே கதிர் விடும், ஆனால் காய்ப்பது பெண் மட்டும்தான். எங்கள் ஓடையோரம் பதினான்கு செடிகளை எண்ணினேன். காய் பிடித்தவை ஐந்து. முந்திய வருடம் ஏழு இருந்தன. புல் வெட்டும் வேலையில் இரண்டைத் தரையோடு சேர்த்து அறுத்திருந்தார்கள். "காய்க்காத மரம்னு நினைச்சோம் டீச்சர்" என்றார் வெட்டியவர். வெட்டியது காய் இல்லாத மாதம், அவருக்கு எப்படித் தெரியும்? அந்த ஐந்து அடிமரத்திலும் அன்றே வெள்ளைத் துணி கட்டிவிட்டு, மலைக்குப் பொறுப்பான ஐயாவிடம் போய்ச் சொன்னேன். காய் பறிக்க அனுமதியும் அப்போதே வாங்கிக்கொண்டேன். அரச ஒதுக்குக் காட்டுக்குள் போய்ப் பறிப்பது சட்டப்படி குற்றம், அதனால் தோட்டத்து எல்லையைத் தாண்டவே இல்லை.

பங்குனி இரண்டாம் வாரம். காய் முழுச் சிவப்பாகி, வெடிக்காமல் இருக்கும் நாட்கள் மிகக் கொஞ்சம். வெடித்த பிறகு ஒரு மழை போதும், தூள் அத்தனையும் மண்ணுக்குப் போய்விடும். பனி காய்ந்த பிறகு, பத்து மணி போல இறங்கினேன். மூன்று மரத்தில் மட்டும், கைக்கு எட்டும் கிளைகளில் கொத்தோடு வெட்டிக் கொழுந்துக் கூடையில் போட்டேன். கூடைக்குள் பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதித் தூள் கூடையின் இடுக்கிலேயே தங்கிவிடும். காற்று அடிக்கும் நாளில் பறிக்கவும் கூடாது.

வீட்டில் நிறுத்தபோது காம்பு நீக்கி மூன்று கிலோ. நிழலில், சாக்கின் மேல் துணி விரித்து மூன்று நாள் உலர்த்தினேன். பழைய முறையில் காயைக் கூடையில் போட்டு உருட்டிக் கையால் தேய்ப்பார்கள், தூள் அடியில் விரித்த துணியில் விழும். நானும் அப்படியே செய்தேன். அழுத்தித் தேய்க்கக் கூடாது. அழுத்தினால் காய் ஓடு நொறுங்கித் தூளோடு கலந்துவிடும். உருட்ட வேண்டும், அவ்வளவுதான். மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வது கட்டாயம். முதல் பத்து நிமிடம் கட்டாமல் இருந்தேன், அன்று முழுவதும் தும்மல் நிற்கவில்லை, கண்ணும் எரிந்தது. அம்மா பக்கத்தில் வந்தவர், "சின்னப் புள்ளைகளைக் கிட்ட விடாதே, வயித்துக்குள்ள போனா பேதி புடுங்கிரும்" என்றார். அது உண்மை. குடற்புழு தள்ளக் கொடுத்த மருந்து இது, கடுமையான பேதிமருந்து. சமையல் பாத்திரம், சமையல் கரண்டி எதையும் இதற்குத் தொடாதீர்கள்.

சல்லடையில் ஒரு முறை, பிறகு மெல்லிய வொயில் துணியில் இரண்டு முறை சலித்தேன். மூன்று கிலோ காய்க்குக் கிடைத்தது 72 கிராம் தூள். நூற்றுக்கு இரண்டரை கூட வரவில்லை. கையில் பார்த்தால் செங்கல் பொடிபோலத்தான் இருக்கும். சந்தையில் செங்கல் பொடியைக் கலந்து விற்ற காலமும் உண்டு. தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால் உண்மை தெரிந்துவிடும். கபிலப் பொடி மிதக்கும், செங்கல் அடியில் தங்கும். என்னுடையது முழுக்க மிதந்தது. முற்றத்தில் வைத்து, மெழுகுவர்த்திச் சுடரின் மேல் ஒரு துளி தூவியும் பார்த்தேன், பளீரென்று பற்றி அணைந்தது. பிசின் நிறைந்த பொடி அது. அடுப்பங்கரையில் பொடியைப் பறக்க விடக் கூடாது என்பதற்கு அந்த ஒரு பளீர் போதும்.

வைகாசியில் முதல் சோதனை. பதுளையில் தையல்காரர் ஒருவரிடம் வெட்டுத் துண்டுகள் வாங்கி வந்திருந்தேன். பட்டு என்று தந்ததில் பாதி பட்டே இல்லை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூலை உருவி எரித்துப் பார்த்தேன். பட்டு மயிர் கருகும் வாசனையோடு எரியும், சாம்பலைத் தொட்டால் பொடியாகும். மற்றது உருகி, உருண்டையாகிக் கெட்டிப்படும். அப்பாவின் சால்வையின் குஞ்சத்திலிருந்தும் ஒரு நூல் எரித்தேன். சுத்தமான பட்டு. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், முகத்தில் ஒரு நிம்மதி.

ஐந்து கிராம் தூளை வெறும் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்தேன். தூள் மேலே மிதந்து சட்டியைச் சுற்றி ஒட்டியது. தண்ணீர் வெளிர் மஞ்சளுக்கு மேல் போகவே இல்லை. பருத்தித் துண்டு, பட்டுத் துண்டு இரண்டையும் போட்டு எடுத்தேன். பருத்தி ஒரு அலசலில் வெளுத்துவிட்டது. பட்டில் நரைத்த மஞ்சள், அதுவும் புள்ளி புள்ளியாக. ஐந்து கிராம் வீண்.

அன்று இரவு சீயாவின் சவர்க்கார நுரை ஞாபகத்துக்கு வந்தது. இந்தச் சிவப்பு தண்ணீருக்கு இறங்காது, காரத்துக்குத்தான் இறங்கும். தூளில் இருக்கும் முக்கியமான பொருளின் பெயர் ரோட்லெரின். அது வெந்நீரில் மிகக் கொஞ்சமாகவே கரையும். காரத்தில் விட்டால் செக்கச் செவேலென்று கரைந்துவிடும்.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த பாதிரியார் ராட்லர், செடி கொடிகளைச் சேகரிப்பதில் பெரும் ஈடுபாடு உள்ளவர். தமிழ் – ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தவரும் அவரே. அது சென்னையில் 1834 முதல் பகுதி பகுதியாக அச்சானது. தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் இந்தச் செடிக்கு அவர் பெயரை வைத்து ரோட்லெரா என்றார். பிற்காலத்தில் செடியின் அறிவியல் பெயர் மல்லோட்டஸ் பிலிப்பென்சிஸ் என்று மாறிவிட்டது, ஆனால் சாயப் பொருளில் மட்டும் பழைய பெயர் தங்கிவிட்டது. நமக்கு அகராதி செய்தவர் பெயர் எங்கள் ஓடைக்கரைச் சிவப்புக்குள் இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன், அடுத்த நாள் நாலு பேர் கையைச் சிவப்பாக்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.

ஆடியில் இரண்டாம் சோதனை, இதில்தான் பெரிய பிழை. பத்துக் கிராம் தூளுக்குப் பத்துக் கிராம் சலவைச் சோடாப் பொடி. அளவு நானாக வைத்துக்கொண்டது. பழைய அலுமினியச் சட்டிதான் சமையலுக்கு வேண்டாததாக இருந்தது, அதில் ஊற்றினேன். சூடேற ஏறச் சட்டியின் அடியிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பியது. கொதி வந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். கையை மேலே காட்டினால் கொதிக்கும் சூடே இல்லை. சோடா அலுமினியத்தைத் தின்றுகொண்டிருந்தது. சிவந்து வந்த தண்ணீர் பத்து நிமிடத்தில் சாம்பல் கலந்த பழுப்பாகிவிட்டது. பட்டுத் துண்டை எடுத்தால் துருப்பிடித்த நிறம், அதுவும் ஒரே சீராக இல்லை. தூள் கட்டி கட்டியாக ஒட்டிய இடமெல்லாம் கருஞ்சிவப்புப் பொட்டு. காய்ந்த பிறகு துணியைத் தொட்டேன், பட்டின் மினுமினுப்பே போய் வைக்கோல் மாதிரி விறைத்திருந்தது. அதிகக் காரத்தில் பட்டு தன் உயிரை விட்டுவிடும். நல்ல வேளை, சால்வையில் கை வைக்கவில்லை.

இதற்கு நான் தேடிப் போன விடை ராக்ஸ்பர்க் குறித்து வைத்த சாயக் கணக்கில் இருந்தது. சோழமண்டலக் கரையின் வடக்கே, தெலுங்கு நாட்டுப் பட்டுச் சாயக்காரர்கள் செய்த முறை. தூள் நாலு பங்கு, படிகாரம் ஒரு பங்கு, சோடா உப்பு (சலவைச் சோடா) இரண்டு பங்கு. இவற்றை உலர்ந்தபடியே ஒன்றாக அரைத்து, இருப்பதே தெரியாத அளவுக்கு நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, பிறகு கொதிநீரில் போட வேண்டும். அந்த நல்லெண்ணெயைப் படித்ததும்தான் எனக்குப் புரிந்தது. பிசின் தூள் தண்ணீரோடு சேராது. எண்ணெய் அதைப் பிடித்துச் சோடாவோடு ஒட்ட வைக்கிறது, கட்டி தட்டாமல் தண்ணீருக்குள் இறக்குகிறது. படிகாரத்துக்கும் இரண்டு வேலை. ஒன்று, நிறத்தைப் பட்டில் பிடித்து வைப்பது. மற்றது, சோடாவின் கடுமையைத் தணிப்பது. படிகாரமும் சோடாவும் தண்ணீரில் சந்தித்ததும் நுரைத்துக் கிளம்புவதில் அது தெரியும்.

சோடாவில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். சலவைச் சோடா இரண்டு வடிவில் கிடைக்கும். கண்ணாடிக் கற்கள் போன்ற பளிங்குச் சோடாவில் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மாவு போல இருக்கும் பொடிச் சோடாவில் தண்ணீரே இல்லை. அதனால் ஒரே எடைக்குப் பொடிச் சோடா இரண்டரை மடங்குக்கு மேல் காரம். ஆடியில் நான் போட்டது அந்தப் பொடிதான். இந்தத் தடவை பதுளை நாட்டு மருந்துக் கடையில் பளிங்குச் சோடாவும் படிகாரமும் வாங்கினேன்.

புரட்டாசியில் மூன்றாம் சோதனை. தூள் 5 கிராம், படிகாரம் ஒன்றேகால், பளிங்குச் சோடா இரண்டரை, நல்லெண்ணெய் இரண்டு துளி. கல்வத்தில் அரைத்தேன். அரைக்க அரைக்கச் செங்கல் நிறம் மாறி, ஈரக் குங்குமம் போல ஆழ்ந்தது. ஒரு லீட்டர் கொதிநீரில், இந்தத் தடவை எவர்சில்வர் சட்டியில், போட்டேன். நுரைத்து எழுந்து, தணிந்து, சட்டி முழுவதும் செந்தீ நிறம். நனைத்துப் பிழிந்த 15 கிராம் பட்டுத் துண்டைப் போட்டுக் குச்சியால் திருப்பிக்கொண்டே இருந்தேன். இருபது நிமிடம். வெளியே எடுத்து அலசியபோது நான் சத்தம் போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். கார்த்திகைப் பூவின் இதழ் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும் இடம் இருக்கிறதே, அந்த நிறம்.

அந்தத் துண்டை இரண்டாக வெட்டினேன். ஒன்றைச் சவர்க்காரம் போட்டு ஐந்து முறை துவைத்தேன், முதல் தடவை கொஞ்சம் இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. இன்னொன்றின் பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் யன்னலில் நான்கு வாரம் வைத்தேன். திறந்திருந்த பாதி ஓரளவு வெளிறியது. வெயிலில் தினமும் கட்டும் துணிக்கு இது பொருந்தாது. இரவில் பந்த வெளிச்சத்தில் கட்டும் சால்வைக்குப் பொருந்தும்.

கார்த்திகை, மார்கழி மழையில் எதுவும் செய்யவில்லை. தை பிறந்து வெயில் வந்ததும் சால்வையை எடுத்தோம். மிதமான சவர்க்காரத் தண்ணீரில் ஊற வைத்ததும் பழைய மஞ்சள் கறைகள் சிவப்பாக எழுந்து நின்றன. அம்மா பயந்துவிட்டார். மஞ்சள் காரத்தில் சிவக்கும், அலசினால் திரும்பிவிடும், வெயில் பட்டால் மங்கும் என்று சொல்லி நாலு நாள் ஈரத்தோடு வெயிலில் போட்டேன். மஞ்சள் திட்டுக்கள் ஏறக்குறையப் போய்விட்டன. எண்ணெய்க் கறை இரண்டு மட்டும் போகவில்லை, அவை இப்போதும் சாயத்துக்கு அடியில் நிழலாகத் தெரிகின்றன. அப்பா பந்தம் பிடித்த கைப்பக்கம் அது. அழித்தே தீர வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

சால்வை 120 கிராம். தூள் 40, படிகாரம் 10, பளிங்குச் சோடா 20, நல்லெண்ணெய் அரைத் தேக்கரண்டி. எட்டு லீட்டர் தண்ணீர். தம்பி விறகடுப்பைப் பார்த்துக்கொண்டான், நான் திருப்பினேன், அம்மா நேரம் சொன்னார். பழைய கணக்கு நன்றாகக் கொதிக்க விடச் சொல்கிறது. என் கைக்குச் சால்வையின் வயது தெரிந்ததால், தளதளவென்று கொதிக்க விடாமல் மெல்லச் சிலிர்க்கும் நிலையில் வைத்தேன். எங்கள் உயரத்தில் தண்ணீர் 97 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் ஆபத்தும் கொஞ்சம் குறைவு. துணியைத் திருப்புவதை ஒரு நிமிடம்கூட நிறுத்தக் கூடாது. மடிப்பு விழுந்த இடத்தில் சாயம் ஏறாது. குஞ்சத்தை முதலில் நூலால் தளர்வாகக் கட்டி வைத்தது உதவியது, இல்லாவிட்டால் சிக்கியிருக்கும்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் எடுத்தோம். சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் போடாமல் சட்டித் தண்ணீர் ஆறும்வரை தனி வாளியில் வைத்தோம். பிறகு நாலு அலசல். கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீருக்கு அரைத் தேசிக்காய்ச் சாறு. மிச்சமிருக்கும் காரத்தை அது எடுத்துவிடும், பட்டுக்கு மினுக்கும் திரும்பும். ஆனால் புளிப்பு பட்டதும் நிறம் சிவப்பிலிருந்து ஒரு படி பொன்னுக்கு இறங்கும், அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு முதல் சிவப்புத்தான் பிடித்திருந்தது. எனக்கு இந்தப் பொன்தான் பிடித்தது. நிழலில் கொடியில் விரித்தபோது அம்மா கிட்டப் போய்க் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "அடுப்புத் தணல் மாதிரி இருக்குடி" என்றார்.

மாசியில் தம்பி அதைக் கட்டிக்கொண்டு தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே நின்றான். சீயா கீழேயிருந்து கூத்துப் பார்க்க ஏறி வந்திருந்தார். சால்வையின் ஓரத்தை விரலால் தடவி, "ஹம்பரில்லாதானே?" என்று கேட்டுவிட்டு என் கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் சிவப்பு இருந்தது.

தூள் பத்துக் கிராம் மிச்சம் இருக்கிறது, கண்ணாடிப் போத்தலில் அடைத்து இருட்டில் வைத்திருக்கிறேன். தூள் உருட்டி எடுத்த காய்களையும் எறியவில்லை. போன சித்திரையிலேயே அவற்றிலிருந்து கரிய உருண்டை விதைகளில் நாற்பது பொறுக்கி, தேயிலைத் தவறணையில் (நாற்றுமேடையில்) வேலை செய்யும் அண்ணனிடம் மண் நிரப்பிய பைகள் கேட்டு வாங்கி, வீட்டுப் பின்பக்கம் பாதி நிழலில் விதைத்திருந்தேன். பதினொன்று முளைத்தது. இரண்டை நத்தை தின்றுவிட்டது. ஒன்பது நிற்கின்றன, முழங்கால் உயரம், இலையைத் திருப்பினால் அடியில் அந்தச் சாம்பல் பூச்சு தெரிகிறது. ஆண் எது, பெண் எது என்று பூக்கும்வரை யாராலும் சொல்ல முடியாது. வரும் ஐப்பசி மழைக்கு ஒன்பதையும் ஓடைக்கரையில், அறுபட்ட இரண்டு மரங்கள் நின்ற பக்கத்தில் நடப்போகிறேன். அறுத்த கட்டைகளில் ஒன்று தழைத்திருக்கிறது. அதைச் சுற்றியும் வெள்ளைத் துணி கட்டியாயிற்று.